இறங்கி நடந்த இடங்கள்

கேரியரில் உட்கார்ந்து போகிற பையனுக்கு முன்னால் தெரிவது ஓட்டுகிறவரின் முதுகு மட்டும்தான். ஊர் வருவது தெரியாது. கடந்து போவதுதான் தெரியும். என் தாய்மாமாவின் சட்டையில் வேர்வை முதலில் இரண்டு தோள்களுக்கும் நடுவே ஒரு வெற்றிலை அளவுக்குத் தெரியும். சாணார்பட்டியை நெருங்கும்போது முதுகு முழுக்கப் படர்ந்திருக்கும். திண்டுக்கல்லிலிருந்து நத்தம் சாலையில் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பதை மைல்கல்லைப் பார்க்காமலே அந்த ஈரத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். வலது பக்கம் சிறுமலை கூடவே வரும். இடது பக்கம் புளியமரம், கடலைக்காடு, கிணற்றடி, மறுபடியும் புளியமரம். திரும்பிப் பார்த்தால் மலைக்கோட்டைப் பாறை, ஊர்ப் பெயரில் உள்ள திண்டு மாதிரியே, சின்னதாகிக்கொண்டு போகும்.

மாமா உபதேசியார். இந்தச் சொல் இப்போதைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. ஒரு பங்குக்குச் சாமியார் ஒருவர்தான் இருப்பார். அந்தப் பங்கில் கிளைக் கிராமங்கள் பத்துக்கும் மேல் இருக்கும். சாமியார் மாதம் ஒருமுறை வந்து பூசை வைத்தாலே பெரிது. மீதி நாட்களில் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்து, செபமாலை சொல்லி, நோயில் கிடப்பவர் யார், பிள்ளை பெற்றவள் யார், சண்டை போட்டுக்கொண்டு கோயிலுக்கு வராதவர் யார் என்று விசாரித்து வந்து சாமியாரிடம் சொல்பவர்தான் உபதேசியார். சாமியாரால் வர முடியாதபோது அடக்கச் செபம் சொல்வதும் அவர்தான். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. சைக்கிள் மட்டும் பங்குக்குச் சொந்தம். கறுப்பு ஹெர்குலஸ். ஹேண்டில்பாரில் மஞ்சப்பை, அதற்குள் ஞானோபதேசப் புத்தகம், ஒரு சின்னப் பாட்டிலில் தீர்த்தம், எனக்கென்று வாங்கிய பொரிகடலை. முன்னால் கம்பியில் அந்த வருஷத்து லைசென்ஸ் வில்லை. சைக்கிளுக்கும் வரி கட்டித் தகர வில்லை வாங்கி மாட்ட வேண்டிய காலம் அது. 1980களின் தொடக்கம்.

அந்த ஊர்களுக்கு இப்போதும் போகிறேன், சைக்கிளில்தான். பதினெட்டு கியர் வைத்த, மாமாவின் ஹெர்குலஸில் பாதி எடைகூட இல்லாத சைக்கிள். ஞாயிற்றுக்கிழமைகளில் விடிவதற்கு முன் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் திரும்புகிற கூட்டம் ஒன்று எங்கள் ஊரில் இருக்கிறது. பெரும்பாலும் சிறுமலையின் பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்குவார்கள். எனக்கு மலையைவிடச் சமவெளிதான் பிடிக்கும். கோயில் கோயிலாகப் போவேன். எங்கள் பக்கத்தில் மாதா கோயில் என்றாலும் அந்தோணியார் கோயில் என்றாலும் கோயில்தான். ஆலயம் என்பது திருவிழா நோட்டீசில் வருகிற சொல்.

இந்தச் சொற்களிலும் அன்று வேறு, இன்று வேறு. மாமா சாமியார் என்பார். என் மகள் ஃபாதர் என்கிறாள். பூசை திருப்பலி ஆகிவிட்டது. சர்வேசுரன் என்று சொல்லிக் கும்பிட்ட பாட்டிகள் போய், அந்தச் சொல்லும் அவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது. 1962 முதல் 1965 வரை ரோமில் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான் லத்தீன் பூசை தமிழுக்கு வந்தது. அதற்கு முன்பு, புரியாத மொழியில் சாமியார் பீடத்தைப் பார்த்தபடி சொல்லச் சொல்ல, சனங்கள் இந்தப் பக்கம் தங்களுக்குத் தெரிந்த தமிழில் செபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்களாம். சாமியாரின் லத்தீனுக்கும் சனங்களின் தமிழுக்கும் நடுவே நின்றவர் உபதேசியார்.

கோயில்கள் இங்கே இவ்வளவு நெருக்கமாக இருப்பதற்கு நீண்ட கதை உண்டு. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி தொடங்கிவைத்த மதுரை மிஷன் இந்தச் சமவெளியிலும் பரவியது. சேசு சபை இடையில் முடக்கப்பட்டு, 19ஆம் நூற்றாண்டில் மறுபடியும் வந்தபோது திண்டுக்கல் அவர்களுக்கு முக்கியமான ஊர் ஆனது. புனித மரியன்னை பள்ளி 1850இல் தொடங்கியது. ஊர் நடுவே இருக்கிற புனித வளனார் கோயில் 1866க்கும் 1872க்கும் இடையே கட்டப்பட்டது. 2003 நவம்பரில் திண்டுக்கல் தனி மறைமாவட்டம் ஆனபோது அது பேராலயம் ஆயிற்று. ஏ, ஓ எழுத்துகளுக்கு இன்றைய வடிவம் தந்த வீரமாமுனிவரின் குடும்பப் பெயரான பெஸ்கி, திண்டுக்கல்லில் சேசு சபையாரின் இல்லத்துக்குப் பெயராக இருக்கிறது. ஆனால் நான் சொல்ல வருவது பெரிய கோயில்களைப் பற்றி அல்ல. கொசவபட்டி அந்தோணியார், தவசிமடை அந்தோணியார், உலகம்பட்டி பெரிய அந்தோணியார், புகையிலைப்பட்டி சந்தியாகப்பர், முத்தழகுபட்டி செபஸ்தியார், மேட்டுப்பட்டி வியாகுல அன்னை, பஞ்சம்பட்டி, சிறுமலையின் இன்னொரு அடிவாரத்தில் வெள்ளோடு. ஒரு கோயிலிலிருந்து கிளம்பினால் வேர்வை காய்வதற்குள் அடுத்த கோயில் வந்துவிடும். நடந்து வருகிறவனின் காலை அளந்து கட்டிய மாதிரி இருக்கும். கார் வைத்திருப்பவருக்கு இந்த அளவு பிடிபடாது. அவருக்கு எல்லாமே பத்து நிமிஷம்.

புகையிலைப்பட்டியில் சந்தியாகப்பர் கோயில் முன்னால் சைக்கிளை நிறுத்தும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். சந்தியாகப்பர் யார்? பன்னிரண்டு சீடர்களில் ஒருவரான யாக்கோபு. ஸ்பெயின்காரர்களும் போர்ச்சுகீசியர்களும் அவரை சந்தியாகோ என்பார்கள். கப்பலில் வந்த அந்தப் பெயருக்கு நம்மவர்கள் ஒரு அப்பரைச் சேர்த்துச் சொந்தக்காரர் ஆக்கிக்கொண்டார்கள். சந்தியாகு, யாகப்பன் என்று எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒருவர் இருப்பார். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் அதே சந்தியாகப்பர் பெயரில் சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலா என்ற ஊர் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பா முழுவதிலிருந்தும் சனங்கள் அங்கே நடந்து போகிறார்கள். இன்று சைக்கிளிலும் போகிறார்கள். நடப்பவர் கடைசி 100 கி.மீ.யாவது நடந்திருக்க வேண்டும். சைக்கிளில் வருபவர் 200 கி.மீ. மிதித்திருக்க வேண்டும். வழியிலுள்ள கோயில்களிலும் சத்திரங்களிலும் ஒரு அட்டையில் முத்திரை வாங்கி வந்து காட்டினால்தான் யாத்திரைச் சான்று கிடைக்கும். நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டும் எங்கள் நண்பர்களும் அப்படி ஒரு அட்டை வைத்திருப்பார்கள், 200 கி.மீ.யைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும், நடுவில் சொன்ன இடங்களில் முத்திரை வாங்க வேண்டும். பிரான்சில் பிறந்த பழக்கம்.

இதை மாமாவிடம் சொன்னபோது அவருக்கு அது புதுமையாகவே படவில்லை. "எங்கிட்டயும் நோட்டு இருந்துச்சே மாப்ள" என்றார். எந்தக் கிழமை எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் படிப்புக்கு வந்தார்கள் என்று எழுதி, மாதக் கடைசியில் சாமியாரிடம் கையெழுத்து வாங்க வேண்டுமாம். கையெழுத்து இருந்தால்தான் சம்பளம்.

அன்றைய பயணத்தில் மாமா சைக்கிளை விட்டு இறங்கும் இடங்கள் எனக்கு மனப்பாடம். ஏற்றத்தில் இறங்க மாட்டார். எழுந்து நின்று மிதிப்பார். மற்ற இடங்களில் இறங்குவார்.

ஒன்று, குருசடி. ஊருக்குள் நுழையும் இடத்தில் சுண்ணாம்பு அடித்த மேடையும் அதன்மேல் சிலுவையும் இருக்கும். தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டு, நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, பத்தடி தள்ளிக்கொண்டு போய்த்தான் மறுபடி ஏறுவார்.

இன்னொன்று, தை மாதம். நத்தம் சாலை கிறிஸ்தவக் கோயில்களின் சாலை மட்டுமல்ல, பழனி யாத்திரைச் சாலையும் அதுதான். செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் காவடிகள் குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாக வந்து திண்டுக்கல்லைத் தாண்டிப் பழனிக்குப் போகும். 400 ஆண்டுப் பழக்கம் என்பார்கள். பூசம் முடிந்து காவடியோடு திரும்பியும் நடந்தே போவார்கள். அது எல்லாராலும் முடிகிற காரியமில்லை. எதிரே அந்தக் கூட்டம் வந்தால் மாமா சாலையை விட்டு மண்ணில் இறங்கி, சைக்கிளைத் தொடையில் சாய்த்துக்கொண்டு, கடைசி ஆள் போகும்வரை நிற்பார். "நடந்து வர்றவங்களுக்கு நாமதான் ஒதுங்கணும்" என்பார். எங்கள் தெருப் பெண்கள் அண்டாவில் நீர்மோர் கரைத்துக்கொண்டு போவார்கள். அதே சாலையில் ஆவணி பிறந்ததும் வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள் காவி கட்டி எதிர்த்திசையில் நடக்கத் தொடங்குவார்கள். அப்போது மோர் ஊற்றியவர்களில் முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர்.

மூன்றாவது, ஒரு தெரு. ஊரின் பெயரை எழுதவில்லை. அங்கே இன்று வாழ்கிறவர்கள் யாரும் அன்றைக்குப் பொறுப்பில்லை. அந்தத் தெரு முனை வந்ததும் மாமா இறங்கிவிடுவார். என்னையும் இறக்கிவிடுவார். தெரு முழுவதும் தள்ளிக்கொண்டே நடப்பார். குழியில் சக்கரம் விழுந்து எழும்போது பெல் தானாகக் கிணுங்கும் அல்லவா, அது கேட்காமலிருக்க இடது உள்ளங்கையால் பெல்லின் கிண்ணத்தைப் பொத்திக்கொள்வார். ஒருநாள் கேட்டேன்: "ஏன் மாமா இறங்கிட்டீங்க?"

"மணல் தெரு மாப்ள. சக்கரம் புதையும்."

மணல் இல்லை. சாணி தெளித்துத் தெளித்து இறுகிப்போன மண். பந்து போட்டால் எழும்பும். நாங்கள் தலித் கிறிஸ்தவர்கள். அந்தத் தெருவில் எங்கள் ஆட்கள் சைக்கிளில் உட்கார்ந்து போகக் கூடாது. தெருவின் கடைசியில் இருந்த கோயிலுக்குள்ளும் எங்களுக்கென்று ஒரு பக்கம் இருந்தது. அங்கே மாமா பிள்ளைகளைத் தரையில் உட்கார வைத்து, எல்லா மனிதரையும் ஒரே சர்வேசுரன் படைத்தார் என்று சொல்லிக் கொடுப்பார். பிள்ளைகள் திருப்பிச் சொல்லுவார்கள். அவர் குரல் அப்போது கொஞ்சமும் தளராது. அந்தக் குரலையும் பெல்லைப் பொத்திய கையையும் ஒரே மனிதருக்குள் சேர்த்துப் பார்க்க எனக்கு இருபது வயது ஆக வேண்டியிருந்தது.

அன்று என்று எழுதும்போது நிழலும் நீர்மோரும்தான் எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருகின்றன. எனக்கும்தான். இதையும் சேர்த்தே எழுத வேண்டும் என்றுதான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன்.

சைக்கிள் எப்படிப் போனது என்பதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். 1980இல் டி.வி.எஸ். 50 வந்தது. சில வருஷங்களில் பங்குகளுக்கும் வந்தது. 1997இல் மினி பஸ்கள் வந்து, பெரிய பேருந்து தொடாத ஊர்களைத் தொட்டன. பிறகு தவணையில் பைக். வாடகை சைக்கிள் கடைகள் மூடிக்கொண்டே வந்தன. மணிக்கு இவ்வளவு என்று நோட்டில் எழுதிக் கொடுக்கும் அந்தக் கடைகளில்தான் எங்கள் தலைமுறை குரங்கு பெடல் பழகியது. சைக்கிளில் போகிறவன் வசதியில்லாதவன் என்று ஆயிற்று. மாமாவுக்கும் ஒரு பழைய டி.வி.எஸ். கொடுத்தார்கள். முதுகில் வேர்வை நின்றது. ஆனால் வழியில் யாரிடமும் பேசாமல் போகிறார் என்று ஊர்க்காரர்கள் குறைபட்டார்கள்.

திரும்பி வந்தது வேறு ஒரு வழியில். 2001-02இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம் பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் விரிந்தது. அதற்கும் முன்னால், பக்கத்துப் புதுக்கோட்டையில் 1991-92 அறிவொளி இயக்கக் காலத்தில் கல் உடைக்கிற பெண்களும் கூலிக்குப் போகிற பெண்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகிய கதையை நாடே பேசியது. எங்கள் அக்காமார் யாரும் சைக்கிள் தொட்டதில்லை. தொட்டால் அடி. இன்று காலை எட்டரை மணிக்கு கோபால்பட்டிப் பக்கம் போய் நின்றால், பின்னலை மடித்துக் கட்டிய பெண்பிள்ளைகள் மூன்று பேர் நான்கு பேராக அரசு சைக்கிளில் சாலையை அடைத்துக்கொண்டு, பேசிச் சிரித்துக்கொண்டு போவார்கள். எந்தத் தெருவிலும் இறங்குவதில்லை. பெல் அடித்துக்கொண்டேதான் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட் போட்டு வருகிற நாங்கள் சைக்கிளைக் காப்பாற்றவில்லை. இந்தப் பிள்ளைகள்தான் காப்பாற்றினார்கள்.

சைக்கிள் இருந்தால் மட்டும் போதாது, சாலை வேண்டும். மாமா ஒருபோதும் இறங்காத இடத்தில் இன்று நான் இறங்குகிறேன். மதுரை நான்குவழிச் சாலை. போகும்போது சிக்கலில்லை, இடது ஓரமாகவே போய் வெள்ளோட்டுக்குத் திரும்பிவிடலாம். பன்னீர் திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே, சிறுமலைக் காற்றில், உலகத்தில் எந்தச் சைக்கிள்காரனுக்கும் கொடுத்து வைக்காத ஓட்டம் அது. திரும்பும்போதுதான் சோதனை. சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போனால்தான் திண்டுக்கல். நடுத்திட்டில் இடைவெளி இருக்கும் இடம்வரை தள்ளிக்கொண்டே போய், லாரிகளுக்கு நடுவே சந்து கிடைக்கும்வரை நின்று, ஓடிக் கடக்க வேண்டும். ஒருநாள் என் பக்கத்தில் தலையில் புல்லுக்கட்டோடு ஒரு அம்மா நின்றார். "நீங்க சைக்கிள் வச்சிருக்கீங்க சாமி, சட்டுனு போயிருவீங்க. எனக்குத்தான் கால் வர மாட்டேங்குது" என்றார். கட்டை வாங்கி என் சைக்கிளின் மேல் வைத்து இருவரும் சேர்ந்து கடந்தோம். அவர் தோட்டம் ஒரு பக்கம், வீடு மறுபக்கம். தினமும் இரண்டு முறை கடக்கிறார்.

தேசிய நெடுஞ்சாலை 83 கோயம்புத்தூரில் தொடங்கி, பழனி, திண்டுக்கல், மணப்பாறை, திருச்சி, தஞ்சாவூர் வழியாக நாகப்பட்டினத்தில் முடிகிறது. முருகனுக்குப் போகிறவரும் மாதாவுக்குப் போகிறவரும் திண்டுக்கல்லிலிருந்து மேற்கும் கிழக்குமாக மிதிப்பது ஒரே எண்ணுள்ள சாலையைத்தான். இந்த இரண்டு கூட்டமும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் நடக்கும் என்று தெரிந்தும், அகலப்படுத்தியபோதெல்லாம் வண்டியை மட்டுமே நினைத்தார்கள். புளியமரங்கள் போயின. பழனிச் சாலையில் யாத்திரைக்காரர்களுக்கென்று கல் பதித்த நடைபாதை போட்டார்கள், நல்ல காரியம். ஆனால் பல இடங்களில் முள் மூடியும் கல் பெயர்ந்தும் கிடக்கிறது. தை மாதம் இரவில் போனால், நடப்பவர்களின் முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டி அனுப்புகிறார்கள். ஒட்டுகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். நடக்கிறவனுக்கு ஒதுங்குவது வண்டிக்காரனின் கடமை என்றிருந்தது. தன்னைக் காட்டிக்கொண்டு பிழைப்பது நடக்கிறவனின் கடமை என்றாகிவிட்டது. எனக்கு இதை ஏற்க முடியவில்லை.

வேளாங்கண்ணிக்கு 1986இல் மாமாவோடு சைக்கிளில் போயிருக்கிறேன். ஒன்பது சைக்கிள், சுமார் 250 கி.மீ., மூன்று பகல். முதல் ராத்திரி மணப்பாறையைத் தாண்டி ஒரு பள்ளிக்கூடத் திண்ணையில் படுத்தோம். எல்லாச் சைக்கிளையும் ஒரே சங்கிலியில் கோத்து, ஒரு திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டைப் போட்டு, சாவியை மாமா இடுப்புக் கயிற்றில் முடிந்துகொண்டார். கொடியேற்றத்துக்கு, ஆகஸ்ட் 29ஆம் தேதி மாலை, கடற்கரை மணலில் சைக்கிளை உருட்ட முடியாமல் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். இப்போது போகிற இளைஞர்கள் மாதா படம் போட்ட பனியன் அணிந்து, பின்னால் ஒரு வேனில் தண்ணீரும் வாழைப்பழமுமாக, ஒன்றரை நாளில் போய்விடுகிறார்கள். குறைத்துச் சொல்லவில்லை. இந்த நெடுஞ்சாலையில் பின்னால் ஒரு வேன் இல்லாமல் பிள்ளைகளை அனுப்ப நானும் சம்மதிக்க மாட்டேன்.

உள்சாலைகள் மட்டும் இன்னும் காலுக்கு அளந்த சாலைகளாகவே இருக்கின்றன. போன பங்குனியில் கொசவபட்டிக்கும் தவசிமடைக்கும் நடுவே ஒரு கருவேல முள் என் பின் டயரில் ஏறிவிட்டது. மாற்று டியூபை வீட்டிலேயே விட்டுவிட்டேன். தள்ளிக்கொண்டு நடந்தபோது, வேப்பமரத்தில் பழைய டயர் ஒன்று தொங்கியது. அதுதான் கடைப் பலகை. எழுபது வயது இருக்கும் அவருக்கு.

"சைக்கிளா? ரெண்டு மாசம் ஆச்சு தம்பி, சைக்கிள்னு ஒன்னு வந்து. எல்லாம் பைக்குதான்" என்றபடி டயரைக் கழற்றினார். லீவர் கேட்கவில்லை, இரண்டு ஸ்பேனர் காம்புகள் போதுமாயிருந்தன. வெளியே வந்த டியூபை இரண்டு விரலால் நீவிப் பார்த்தார். "என்னா மெல்லிசு! ஓணான் தோலு மாதிரி." வால்வைப் பார்த்ததும் நெற்றி சுருங்கியது. நுனியிலிருந்த சின்னத் திருகை நான் தளர்த்திக் காட்டினேன். அவருடைய பம்பின் கவ்வி எப்படியோ அதைப் பிடித்துக்கொண்டது. தண்ணீர்ச் சட்டியில் டியூபை முக்கித் திருப்பிக்கொண்டே வந்தார். கடுகு அளவில் ஒரு குமிழி, அடுத்து இன்னொன்று. அந்த இடத்தைக் கட்டைவிரலால் மூடி, துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொலுசன் தடவி ஊதினார். பழைய டியூபில் ஓர் ஒட்டு வெட்டினார். எதற்கும் அவசரமில்லை. சொலுசன் காய்வதற்குள் நான் யார் மகன், எந்தத் தெரு, எதற்காக இந்த வெயிலில் மிதிக்கிறேன் என்று எல்லாம் கேட்டு முடித்தார். மாமாவின் பெயரைச் சொன்னேன்.

கை நின்றது. "உபதேசியார் மருமகனா? எங்க அம்மா செத்தப்ப சாமியார் வர முடியல. அந்த மனுசன்தான் மழையில மிதிச்சு வந்து செபம் சொன்னாரு. சைக்கிளத் தோள்ல வச்சு ஓடையக் கடந்து வந்தாரு." காசு வாங்க மறுத்துவிட்டார். பின் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து, யாரும் கேட்காமலே லேசான பெண்டையும் எடுத்துக் கொடுத்தார்.

அங்கிருந்து நேராக அந்த ஊருக்குப் போனேன். பெயர் எழுதாத ஊர். முன்பு இரண்டு மூன்று முறை பக்கத்தில் வந்தும் தெருவுக்குள் போகாமல் சுற்றிப் போயிருக்கிறேன்; ஏன் என்று என்னிடமே கேட்டுக்கொண்டதில்லை. குருசடியில் இறங்கிக் கும்பிட்டேன். தெரு முனையில் ஒரு நொடி என் வலது கால் பெடலிலிருந்து தானாக எழும்பியது. இறக்கவில்லை. தெரு சிமென்ட் ஆகியிருந்தது. இருபுறமும் பைக்குகள். ஒரு வீட்டு வாசலில் துவைத்த துணி பிழிந்துகொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். கோயில்வரை மிதித்தே போனேன். கதவு பூட்டியிருந்தது, மேலே கேமரா. கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்துக்கு இன்னும் இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்றுக்குச் செங்கல் தூணும் இரும்புக் கதவும். மற்றது வேலியில் ஒரு திறப்பு. அந்தத் திறப்பின் வழியாகப் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

சாயங்காலம் மாமா வீட்டுக்குப் போனேன். எண்பது தாண்டிவிட்டார். முழங்கால் இரண்டும் போய்விட்டன. கட்டிலில் உட்கார்ந்தபடி, அன்றைய வழியை ஊர் ஊராகக் கேட்டார். தவசிமடைக் கண்மாயில் தண்ணீர் இருக்கிறதா, புகையிலைப்பட்டியில் கொடிமரம் மாற்றிவிட்டார்களாமே, பஞ்சர் ஒட்டினது யார். ஒட்டியவரின் அம்மா பெயரைக்கூட அவர் மறக்கவில்லை. அந்த ஊருக்கும் போனேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"தெரு எப்படி இருக்கு?"

"சிமென்ட் போட்டுட்டாங்க மாமா."

"இறங்குனியா?"

"இல்ல மாமா. மிதிச்சே போனேன்."

அத்தை கொண்டுவந்த காப்பியை வாங்கி ஆற்றிக்கொண்டே இருந்தார். இடது உள்ளங்கை டம்ளரை மேலிருந்து மூடியபடி இருந்தது.

"பெல் அடிச்சியா?" என்றார்.

என் சைக்கிளில் பெல் கிடையாது. வாங்கும்போதே இல்லை, எடை கூடும் என்று நானும் மாட்டிக்கொள்ளவில்லை. மறுநாள் கடைவீதியில் தேடி, கிண்ணம் வைத்த பழைய மாதிரி பெல் ஒன்று வாங்கினேன்.